தவணை என்றால் கெடு

அந்தப் பெட்டியைக் காலுக்கடியில் வைக்காதீர்கள், அண்ணாச்சி. இந்தப் பேருந்துக்கு ஆலங்குளம் வரைக்கும்தான் தரை உண்டு. அதற்கப்புறம் மழை பெய்தால் சாலையே உள்ளே வந்துவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம், அப்படி. என்ன, குழாயா? பெட்டியில் படம் போட்டிருக்கிறதே. அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து, பொன்னிறத்தில். குளியலறைக்கு இவ்வளவு அழகு ஆகாது என்பது என் கட்சி. விலை கேட்கவில்லை. கேட்டால் எனக்கு மனசு தாங்காது.

வீடு கட்டுகிறீர்களா? கட்டி நாலு வருடமாகிறதா? அப்புறம் எதற்கு இப்போது குழாய்? ஓ, வீட்டம்மாவுக்குச் சீட்டு விழுந்ததா. சரிதான். பெண்களுக்குச் சீட்டில் ஒரு ராசி உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள், வீடு வங்கிக் கடனில்தானே? பதில் வேண்டாம், பெருமூச்சே போதும். அப்படியானால் நீங்கள் என் கதையைக் கேட்டே ஆக வேண்டும். தென்காசி வரைக்கும் வேறு வேலையும் உங்களுக்கு இல்லை.

என் பெயர் பூதலிங்கம். மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். இங்கிலீஷில் இருக்கும் வழக்கைத் தமிழாக்குவேன், தமிழில் இருப்பதை இங்கிலீஷாக்குவேன். வழக்கு மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் ஏட்டில் எழுதுவது மாதிரிப் பேசுகிறேன். வீட்டில் கேலி செய்வார்கள். அதோ, டிரைவருக்குப் பின்னால் பச்சைச் சேலை தெரிகிறதா? என் மனைவி பகவதி. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். நடுவில் மகள் நாச்சியார். சன்னலுக்கு வெளியே முழங்கையை நீட்டிக்கொண்டு வருகிறானே, அவன் மகன் தாணு. மூன்று பேர் உட்காரும் இருக்கை. "நீங்க பின்னால போங்க, பேச யாராவது கிடைப்பாவ" என்றாள் பகவதி. என்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு அக்கறை.

குற்றாலம் போகிறோம். சாரல் விழுந்துவிட்டதாம். அவர்களுக்கு அங்கே குளியல். எனக்கு அங்கே ஒரு கையெழுத்து. இந்தப் பையில் ஒரு மனு இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் போடவில்லை. அவள் போடாவிட்டால் மனு வெறும் கட்டுரை. நல்ல கட்டுரைதான், ஆனாலும் கட்டுரை.

கடனைப் பகவதி பேரில்தான் வாங்கினோம். பெண்கள் பேரில் வாங்கினால் வட்டி கொஞ்சம் குறைவு. நீங்களும் வீட்டம்மா பேரில்தானா? நல்லது. முதல் விண்ணப்பதாரர் அவள், இணை விண்ணப்பதாரர் நான். அதாவது அவள் கையெழுத்து, என் மூளை. தவணைப் பணத்தை ஒரு நாள் பிந்தாமல் அவள் கணக்கில் நான் போட்டுவிடுவேன். வங்கி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். குறுஞ்செய்தி எல்லாம் அவள் போனுக்கு வரும். பாஸ்புக்கும் அவளிடம்தான். அதை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. மனைவியானாலும் ஒரு பெண்ணின் பாஸ்புக்கை எடுத்துப் பார்ப்பது நாகரிகமில்லை. சிரிக்காதீர்கள், இந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

இருபது வருடக் கடன். இருபது வருடம் கட்டினால் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருப்போம். ஒரு வீட்டில் நாம் இருக்க, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வீட்டில் வட்டி குடியிருக்கும். அதை விடுவேனா? போனஸ், ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்த பணம், அகவிலைப்படி நிலுவை, மாமனார் தலைப் பொங்கலுக்குப் போட்ட மோதிரம், எல்லாம் வருடா வருடம் அசலுக்குப் போய்விடும். அசல் என்பது அரபிச் சொல், தெரியுமா? வேர் என்று பொருள். வேரில் வெட்டினால் மரம் சாயும். மற்றவர்கள் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் வேரில் வெட்டினேன்.

வீட்டில் யார் என்ன கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். கடன் முடியட்டும். சோபா வேண்டுமா? கடன் முடியட்டும். நாச்சியாருக்குச் சைக்கிளா? கடன் முடியட்டும். கொழுந்தியாள் கல்யாணத்துக்குக் காரில் போகலாமா? கடன் முடியட்டும், அதாவது அடுத்த கொழுந்தியாளுக்குப் பார்க்கலாம். தாணு மழலை பேசிய காலத்தில் 'கதன் முதியத்தும்' என்பதை ஏதோ சாமிப் பாட்டு என்று நினைத்திருக்கிறான். பிள்ளையார் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி அழுதேவிட்டாள். அவளுக்கும் கடன் இருந்திருக்கும்.

ஒரு முறை பகவதியின் பிறந்த நாளைக்கு ஓட்டலுக்குப் போனோம். அவள் நெய் ரோஸ்ட் சொன்னாள். நான் தடுக்கவில்லை. கணக்கு மட்டும் சொன்னேன். "பகவதி, இந்த நெய் ரோஸ்டின் விலையை இன்றைக்கு அசலில் கட்டினால், கடன் முடிகிற வரைக்கும் அது மிச்சப்படுத்தும் வட்டியையும் சேர்த்துப் பார். நாம் தின்னப் போவது ஒன்றல்ல, நாலு நெய் ரோஸ்ட்." தாணு தன் தட்டை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான். "நாலு தின்னுருக்கேன், பொறவு ஏம்ப்பா வயிறு நெறையல?" நல்ல கேள்வி. பகவதி தன் ரோஸ்டில் பாதியை அவனுக்கு வைத்தாள். அதாவது இரண்டு. மீதியை அவள் தின்னவில்லை. கட்டித் தரச் சொன்னாள். சிக்கனம் படிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அசலுக்கு அதிகப்படியாகப் பணம் கட்டும்போது ஒரு படிவம் தருவார்கள். நீங்களும் கட்டுகிறீர்களா? நல்லது, அப்படியானால் பார்த்திருப்பீர்கள். தமிழ்ப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம், தவணைக் குறைப்பு. இரண்டாவது, காலக் குறைப்பு. எதில் நீங்கள் டிக் போடுவீர்கள்? முதல் கட்டத்திலா? பார்த்தீர்களா, தமிழ் தெரிந்தவர். கையைக் கொடுங்கள்.

தவணை என்றால் என்ன? கெடு. ஒரு காரியத்துக்குக் குறித்த கால எல்லை. அகராதியில் முதல் பொருளே அதுதான். மூன்று மாதத் தவணை கொடு என்கிறோம், தவணை கடந்துவிட்டது என்கிறோம். கோர்ட்டில் வாய்தா என்பார்களே, அதன் நல்ல தமிழ் தம்பி. ஆகவே தவணைக் குறைப்பு என்றால் கடனின் கெடுவைக் குறைப்பது. இருபது வருடம் பன்னிரண்டு வருடமாகும். எனக்கு வேண்டியது அதுதானே? போட்டேன் டிக்.

அப்படியானால் காலக் குறைப்பு என்பது என்ன என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். காலத்தை யாரால் குறைக்க முடியும்? எமன் ஒருவனால் முடியும், அவன் படிவம் கேட்பதில்லை. ஏதோ அலுவலக நேரம் சம்பந்தப்பட்டது என்று முடிவு கட்டி, சிவப்பு மையால் அதை அடித்து, ஓரத்தில் 'பிழையான வழக்கு' என்று எழுதிவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண், "சார், நல்லாப் பாத்துக்கோங்க, இந்தக் கட்டமா அந்தக் கட்டமா?" என்றாள். "அம்மா, நான் நீதிமன்றத்துக்கே தமிழ் சொல்கிறவன்" என்றேன். அவள் முத்திரை குத்தினாள். பகவதி கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் அதே கட்டம், அதே சிவப்பு மை, அதே கையெழுத்து.

முதல் தடவை கட்டிய கொஞ்ச நாளில் பகவதி போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் செய்தித்தாளில் சந்திப்பிழைகளைச் சுழித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, பேங்க்ல இருந்து மெசேஜ் வந்திருக்கு. தவணை..." என்று ஆரம்பித்தாள். "குறைந்திருக்கிறதா?" என்றேன். "ஆமா, ஆனா நீங்க நெனைக்க மாதிரி..." என்றாள். "குறைந்ததல்லவா? போதும். மற்றதைக் கடன் முடியட்டும், பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு போனைச் சேலை மடிப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். வாதத்தை நீட்டாத குணம் அவளுக்கு. கோர்ட்டில் எத்தனை பேருக்கு அது உண்டு?

அந்த வருடம்தான் அவளுக்கு முதல் சீட்டு விழுந்தது.

ஏலச்சீட்டு இல்லை, குலுக்கல் சீட்டு. ஆஸ்பத்திரியில் செல்லத்தாய் என்று ஒரு அக்கா பிடிக்கிறாளாம். நான் அவளைக் கண்டதில்லை. ஆனால் அவள் கை ராசிக்கை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பகவதி பேர் வந்துவிடும். முதலில் சைக்கிள் வந்தது. அப்புறம் சோபா. நாச்சியாருக்கு நீச்சல் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. நான் வருடா வருடம் அதிகமாகக் கட்டக் கட்ட, தற்செயலாகச் சீட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஏசியும் வந்தது. ஏசியை நான் கடுமையாக எதிர்த்தேன். எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு அதற்குக் கீழேதான் படுத்தேன், அது ஓடும்போது வேறு அறையில் போய் வேர்ப்பது தர்க்கத்துக்கு ஒத்து வராது.

"சீட்டுப் பணத்தையும் அசலில் போட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். "சீட்டுப் பணத்தக் கடன்ல போட்டா அடுத்த சீட்டு விழாதாம், செல்லத்தாயக்கா சொல்லுதா" என்றாள். மூடநம்பிக்கை. படித்தவள்தான், இருந்தாலும் பாருங்கள். நான் வற்புறுத்தவில்லை. ராசியைக் கெடுத்த பழி எனக்கு எதற்கு?

ஒரு சீட்டில் ராமேஸ்வரம் போனோம். நானும் கடனே என்று கூடப் போனேன். கடன் என்றால் கடமை என்றும் பொருள், கவனித்தீர்களா? தாணு அப்போது சின்னவன். தனுஷ்கோடியில் அலையைப் பார்த்துப் பயந்து என் தோளில் ஏறிக்கொண்டான். இறங்கவே மாட்டேன் என்றான். வெயில் சாய்கிற வரைக்கும் அப்படியே நின்றேன். பகவதி உப்பு மாங்காய் வாங்கி வந்து என் வாயில் வைத்தாள், என் கைகள் அவன் காலைப் பிடித்திருந்தன. நாச்சியார் எங்களைப் படம் எடுத்தாள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது, பாருங்கள். இல்லை, இது இல்லை, இது வட்டி அட்டவணை. இதோ. வீண் செலவுதான். உப்பு மாங்காய் மட்டும் நன்றாக இருந்தது.

என்னடா தாணு? என்ன வேண்டும்? ஓ, முறுக்கா. அம்மா கொடுத்துவிட்டாளா? எங்கே வாங்கினீர்கள், பஸ் நின்றதே தெரியவில்லையே. இந்த மாமாவுக்கும் ஒன்று கொடு. "அம்மா அந்தப் பேப்பர வச்சிட்டு நிம்மதியா இருக்கச் சொன்னா" என்கிறாயா? 'சொன்னார்கள்' என்று சொல்லு. போ, கையை உள்ளே வை, முழங்கை போய்விடும்.

எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. எங்கே விட்டேன்? ஆம். போன மாதம் என் கணக்குப்படி கடன் முடிந்தது. முகச்சவரம் செய்துகொண்டு, மூலப் பத்திரத்தை வைத்துக் கொண்டுவரப் புதுத் துணிப்பை ஒன்றோடு, கால் கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனேன். என் காசில் அல்வா. மேலாளர் கணினியைப் பார்த்தார், அல்வாவைப் பார்த்தார். "சார், இன்னும் எட்டு வருஷம் இருக்கே" என்றார்.

எட்டு வருடம்!

"தவணைக் குறைப்பில் டிக் போட்டேனே?" என்றேன். "அதான் சார். நீங்க அதிகமாக் கட்டக் கட்ட மாசத் தவணை கொறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. மொதல்ல கட்டினதுல இப்போ கால்வாசிதான். காலம் கொறையணும்னா காலக் குறைப்புல போட்டிருக்கணும். அத நீங்க செவப்பு மையில அடிச்சிருக்கீங்க" என்றார். "தவணை என்றால் கெடு" என்றேன். "தவணைன்னா இ.எம்.ஐ. சார். கெடுன்னா லீகல் நோட்டீஸ்" என்றார். அண்ணாச்சி, தமிழ்நாட்டில், தமிழ்ப் படிவத்தை வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் என்னிடம் இதைச் சொல்கிறார்.

அதோடு போகட்டும். எனக்குத் தலை சுற்றியது அடுத்த விஷயத்தில். தவணை கால்வாசிதான் என்றால், நான் மாதா மாதம் முழுத் தொகையையும் பகவதி கணக்கில் போட்டிருக்கிறேனே, மீதி முக்கால்வாசி எங்கே? வங்கிதான் விழுங்கியிருக்கிறது, வேறு யார்? மேசையைத் தட்டிக் கேட்டேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார், இரக்கமா நக்கலா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை. "சார், அத நீங்க வீட்ல கேட்டுப் பாருங்களேன்" என்றார். வங்கியில் காணாமல் போன பணத்தை வீட்டில் கேட்பதாம்! எவ்வளவு திமிர், பாருங்கள்.

அந்த ஆவேசத்தில் எழுதியதுதான் இந்த மனு. முதல் பத்தி, தவணை என்ற சொல்லின் பொருள். இரண்டாவது பத்தியும் அதுதான். மூன்றாவது, கடனைப் பன்னிரண்டு வருடத்தில் முடிந்ததாக அறிவிக்க வேண்டும். நான்காவது, காணாமல் போன தொகை ஒவ்வொரு மாதமும் யாரால் எடுக்கப்பட்டது, எதற்குச் செலவழிக்கப்பட்டது என்று முழு விசாரணை. முதல் விண்ணப்பதாரர் கையெழுத்தோடு திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். அல்வாவை மட்டும் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து மனுவை உரக்கப் படித்தேன். பகவதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடம் என்றதும் அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஓ" என்றாள். நான்காவது பத்தி வந்தபோது மட்டும் தோசைக்கரண்டி நின்றது. தோசை கருகியது. பன்னிரண்டு வருடத்தில் அவள் கருக விட்ட முதல் தோசை அதுதான். அவளுக்கும் எவ்வளவு அதிர்ச்சி பாருங்கள். நாச்சியார் என்னடாவென்றால் வாயைப் பொத்திக்கொண்டு புழக்கடைப் பக்கம் ஓடினாள். சின்னப் பெண், அழுகையை அடக்க முடியவில்லை.

"கையெழுத்துப் போடு" என்று பேனாவைக் கொடுத்தேன். "சாப்பிடுதியளா?" என்றாள். "பகவதி, நம் பணம்!" என்றேன். "நம்ம பணந்தாங்க. எங்கயும் போயிருக்காது" என்றாள். எப்பேர்ப்பட்ட நிதானம்! அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள். "குத்தாலத்துல தண்ணி விழுதாம். எனக்கும் ஒரு சீட்டு விழுந்திருக்கு. மொதல்ல போயிட்டு வருவோம். பொறவு பாத்துக்கிடலாம்." பாருங்கள், குடும்பமே கவிழ்ந்து கிடக்கிற நேரத்திலும் அவளுக்குச் சீட்டு விழுகிறது. எனக்கு இல்லாத யோகம்.

தென்காசி வந்துவிட்டதே. நீங்கள் இறங்க வேண்டிய இடம் இதுதானே? கூட்டம் இறங்கட்டும், அவசரமில்லை. அதோ, பகவதி வருகிறாள். உட்காருங்கள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

"ஏங்க, முன்னால ஆளு எறங்கியாச்சு. சன்னலோரம் ஒங்களுக்குன்னு துண்டு போட்டு வச்சிருக்கான் தாணு. வாங்க."

வருகிறேன் பகவதி. அதற்கு முன்னால் இது. இதோ பேனா. இந்த அண்ணாச்சியே சாட்சி. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், அருவியில் நிம்மதியாக நிற்கலாம்.

"கடன் முடிஞ்சிட்டா எனக்குச் சீட்டு விழாதுங்க."

என்னது?

"திங்கக்கெழம போடுதேன். பேனாவ மூடி வையிங்க, சட்டையில மை ஆயிரும். அண்ணாச்சி, ரொம்பப் பேசிட்டாவளோ? வாரோம்."

கேட்டீர்களா, அண்ணாச்சி? போய்விட்டாள். திங்கட்கிழமை என்றாளே, எந்தத் திங்கட்கிழமை என்று சொன்னாளா? தவணை சொல்கிறாள். பாருங்கள், தள்ளிப்போடுவதற்கும் அதே சொல்தான். மூன்றாவது பொருள். மனுவில் இதையும் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த முதல் வாக்கியம்? கடன் முடிந்துவிட்டால் சீட்டு விழாது. இலக்கணப்படி குற்றமில்லை. நிபந்தனை இருக்கிறது, விளைவு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சம்பந்தம்தான் இல்லை. கடனுக்கும் சீட்டுக்கும் என்ன உறவு? செல்லத்தாய் கிளப்பிவிட்ட இன்னொரு மூடநம்பிக்கை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறீர்களே, எதற்கு என்று சொல்லிவிட்டாவது சிரிக்கலாம். இருமல் வந்துவிட்டதா? தண்ணீர் குடியுங்கள்.

தாணு கூப்பிடுகிறான். நான் முன்னால் போகிறேன். காற்று நன்றாக வருகிறது அங்கே. மனு பைக்குள்ளேயே இருக்கட்டும், சாரலில் நனைந்தால் மை பரவிவிடும். நீங்களும் முதல் கட்டத்திலேயே டிக் போடுங்கள், கொள்கையை விடாதீர்கள்.

என்ன, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது? ஏன் அந்தக் குழாயை அப்படிப் பார்க்கிறீர்கள்? யாருக்குப் போன், வீட்டுக்கா? கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், முதலில் இறங்குங்கள். பார்த்து, பார்த்து. அண்ணாச்சி, பெட்டி! பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாவுக்கு விழுந்த சீட்டை விட்டுவிட்டுப் போகிறீர்களே!